ரெம்பியா தோட்டத்தில் ஒரு டெஸ்ட் கால்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

கடையில் யார் உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தாலும் முதல் நாளே ஒரு விதியைச் சொல்லியிருப்பார்கள். வாடிக்கையாளர் வீட்டில் ரவுட்டர் பொருத்திவிட்டு அழைப்பு எடுத்துச் சோதிக்கும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" தவிர வேறு எதுவும் வாயில் வரக்கூடாது. ஏன் என்று கேட்டிருப்பீர்கள். "அது ஸ்பீக்கர் குணா காலத்துக் கதை" என்று அவர்கள் சிரித்திருப்பார்கள். அந்த ஸ்பீக்கர் குணா நான்தான்.

கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் போனில் பேசியது கோயில் ஸ்பீக்கரில் வந்துவிட்டது. கிளேபாங்கில் ஒருமுறை கடை ஆட்களுக்கு விருந்து வைத்தார்கள். அங்கே ஒரு பையன் என் குரலிலேயே இதை நடித்துக் காட்டினான். நன்றாகத்தான் நடித்தான். நானும் கூட்டத்தோடு நின்று சிரித்தேன். ஆனால் எல்லாரும் சிரிக்கிற இடத்தில் அவன் கதையை முடித்துவிட்டான். மீதி அவனுக்குத் தெரியாது. நான் யாருக்கும் சொன்னதில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வைஃபை என்ற சொல்லே அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. அலோர் காஜாவில் இருந்த கடையில் போன் விற்போம், வீட்டுக்குப் போய்ப் பொருத்தியும் கொடுப்போம். வெகுதூரம் எட்டும் கம்பியில்லா போன் ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது. தாய்ப்பெட்டியை ஓரிடத்தில் வைத்து உயரத்தில் ஏரியல் கட்டிவிட்டால், கைப்போனை எங்கோ கொண்டுபோய்ப் பேசலாம். இன்றைக்கு நீங்கள் ஹாலில் ரவுட்டரை வைத்துவிட்டு அறை அறையாகப் போய்ச் சிக்னல் பார்க்கிறீர்களே, அதற்கு இது பெரியப்பா முறை. முறையாக அனுமதி வாங்கிய சரக்கா என்று நான் கேட்டதில்லை. கடையிலும் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ரெம்பியா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் கன்னியம்மா அத்தை இருந்தார். கணவர் இல்லை. தோட்டத்தில் உரம் போடும் வேலை. ஒரே மகள் சாந்தி, டவுனில் தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். அவளுக்கு ஜொகூர் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்குச் சிங்கப்பூரில் வேலை. பேசி முடித்துவிட்டால் வாரா வாரம் பெண்ணோடு பேச ஆசைப்படுகிறான், வீட்டில் போன் இருக்கிறதா என்று பையனின் அம்மா கேட்டிருக்கிறார். அத்தை கூசாமல் "வந்துக்கிட்டே இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

லயத்துக்குப் போன் லைன் கிடையாது. சாலையோரத்தில் அத்தையின் தம்பி வைத்திருந்த மளிகைக் கடையோடு கம்பி நின்றுவிட்டது. அதனால்தான் கம்பியில்லா போன். தாய்ப்பெட்டி தம்பி கடையில், கைப்போன் அத்தை வீட்டில். அன்றைக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் வந்து, சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, தட்டு மாற்றுவதாகப் பேச்சு. அவர்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது போன் அடிக்க வேண்டும். இதுதான் என் வேலை.

கடை வேன் என்னை இறக்கிவிட்டுவிட்டுப் போய்விட்டது. சாயங்காலம்தான் வரும். தம்பி கடையில் ஏரியலைக் கட்டிவிட்டு லயத்துக்கு வந்தேன். வழியில் கோயிலைப் பார்த்தேன். கோயில் கமிட்டி புதிதாக ஒரு கம்பியில்லா மைக் வாங்கியிருந்தது. பூசாரி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெம்பாய் நடந்துகொண்டிருந்தார். தென்னை மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் குழாய் ஸ்பீக்கர்கள். இவர்களுக்கும் வசதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அத்தை வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் கோயிலில். பின்கதவைத் திறந்துவைத்து, "தம்பி, நீங்க பாட்டுக்கு வேலயப் பாருங்க, கலர் தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன், குடிங்க" என்று தம்பி கடைக்கே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நம் தொழிலில் இதைக் கவனியுங்கள். சொந்தக்காரர்களைக்கூட ஹாலோடு நிறுத்துகிறவர்கள் நம்மைக் குசினி வரைக்கும் விடுகிறார்கள். அலமாரிக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில் என்று நாம் தலையை நுழைக்காத இடமில்லை.

ஹாலில் குஷன் நாற்காலி, பெரிய டிவி, கண்ணாடி ஷோகேஸ். குசினியில் எவர்சில்வர் சாமான் பளபளவென்று அடுக்கியிருந்தது. கம்பி இழுக்க ஒரு அடுக்கை நகர்த்தியபோதுதான் பார்த்தேன். தட்டில் வீராயி என்று வெட்டியிருந்தது. செம்பில் மரியதாஸ். அண்டாவில் ராசம்மா. எல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுச் சாமான்.

வேலை முடிந்தது. கடைக்கு டெஸ்ட் கால் போட்டேன். எடுத்தது ஸ்டெல்லா. கடையில் பில் போடும் பெண், எனக்கு இளையவள்.

"ஸ்டெல்லா, கேக்குதா?"

"கேக்குதுண்ணே. கொஞ்சம் கொரகொரன்னு இருக்கு. பேசிக்கிட்டே இருங்க, நிக்குதான்னு பாப்போம்."

"என்னாத்தப் பேசுறது?"

"எதாச்சும் பேசுங்கலா. வீடு எப்படி?"

ஒரு காதில் போன். சிக்னல் மந்தம் என்று மறுகாதில் விரலை விட்டு அடைத்திருந்தேன். கோயிலில் பாட்டு நின்றிருந்தது. தொந்தரவு விட்டது, நிம்மதியாகப் பேசலாம் என்று பட்டது.

"வீடா? கண்காட்சி லா!" என்றேன். "குஷன் நாக்காலி, பெரிய டிவி, ஷோகேஸ், எல்லாம் இரவல். குசினியில வந்து பாக்கணும் நீ. ஒரு தட்டுல வீராயி, செம்புல மரியதாஸ், அண்டாவுல ராசம்மா. பாதி லயம் இங்கதான் குந்திக்கிட்டு இருக்கு. ஒரு சாமான்லகூட இந்தக் கன்னியம்மா பேரு இல்ல. போன் ஒண்ணுதான் சொந்தம். மாப்பிள்ள வீட்டுக்காரன் பொண்ண விட்டுட்டு போனத் தூக்கிட்டுப் போயிரலாம்!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். என் நகைச்சுவையை எனக்கு அப்போது ரொம்பப் பிடிக்கும்.

"அப்படில்லாம் சொல்லாதீங்கண்ணே. பாவம்லா அவங்க" என்றாள் ஸ்டெல்லா.

எனக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. கை வலித்தது. போனை மறுகைக்கு மாற்றக் காதிலிருந்து விரலை எடுத்தேன். என் சிரிப்பின் வால் செம்பனை மரங்களுக்குள்ளிருந்து திரும்பி வந்தது. முதலில் விளங்கவில்லை. போனில் மெதுவாக "ஹலோ" என்றேன். தென்னை மரம் "ஹலோ" என்றது.

என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தீபாராதனைக்கு முன்னால் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். பூசாரி மைக்கை அணைத்து வைத்திருந்தார். ஆனால் அதன் பேச்சை வாங்கும் பெட்டி திறந்தே இருந்தது. அருகில் அதே அலைவரிசையில் எவன் பேசினாலும் அது வாங்கிக்கொள்ளும். கடவுச்சொல் போடாமல் விட்ட ரவுட்டர் மாதிரி. ஸ்டெல்லா பேசியது வேறு அலையில் வந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. "பாவம்லா" என்று அவள் சொன்னது எனக்கு மட்டும். என் பேச்சும் சிரிப்பும் ஊருக்கு. பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்கள். நான் பக்கம் பார்த்துத்தான் பேசினேன். தென்னை மரத்தைப் பார்க்கவில்லை.

விருந்தில் அந்தப் பையன் நடித்துக் காட்டிய கதை இங்கே முடிகிறது.

சாந்தி ஓடி வந்தாள். பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்திருந்தாள். தலையில் வைத்த பூ ஒருபக்கம் தொங்கியது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அண்ணே, நீங்க பேசுனது கோயில்ல எல்லாருக்கும் கேட்டுச்சி."

"அது வந்து தங்கச்சி, கோயில் மைக்கு செட்டுல எதோ கோளாறு."

"கோளாறு இருக்கட்டும். அவுங்க இன்னும் கெளம்பல. சாமி பாக்க ஒக்காந்திருக்காங்க. அதுலயே திரும்பப் பேசுங்க. சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லுங்க. இல்லாட்டி என்கூட வந்து நேர்ல சொல்லுங்க. அம்மா தலையக் குனிஞ்சிக்கிட்டு ஒக்காந்திருக்குண்ணே."

கைப்போன் என் கையில்தான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் போதும். அதுவும் வேண்டாம் என்றால் கோயில் கூப்பிடு தூரம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அப்படில்லாம் பேச முடியாது தங்கச்சி. ஃபிரிக்குவன்ஸி தானா மோதுனதால வந்தது. நம்ம நெனச்ச நேரத்துக்கு வராது."

பச்சைப் பொய். என்னைப் பொய் சொல்லச் சொன்னாளே, அதற்கு உடன்படலாமா என்று உங்களில் நியாயக்காரர்கள் கேட்பீர்கள். அவள் சொன்ன சொல்லைத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. "என் பேர் குணா, போன் பொருத்த வந்தவன், அடுத்தவர் வீட்டைப் பற்றி வாய்க்கொழுப்பில் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள்" என்றிருந்தால் அது சத்தியம். கூட்டத்தைப் பார்க்கப் பயந்தேன். அடி விழுமோ என்று பயந்தேன். போனுக்கு அனுமதி இருக்கிறதா என்று எவனாவது கேட்டுவிடுவானோ என்றும் பயந்தேன். மூன்று பயத்தையும் ஃபிரிக்குவன்ஸி என்ற ஒரு சொல்லுக்குள் மறைத்தேன். விளங்காத சொல்லைச் சொன்னால் எதிரே இருப்பவர் வாயடைத்துப் போவார் என்பது நம் தொழிலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

சாந்தி அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அலைவரிசையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னைத் தெரிந்துகொண்டாள்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்து போனாள். வரும்போது ஓடி வந்தவள்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரின் வேன் செம்மண் சாலையில் திரும்பிப் போவதைப் பின்கதவு வழியாகப் பார்த்தேன். பிறகொரு நாள் அத்தையின் தம்பி சொல்லித்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. பையனின் அம்மா சாமானைப் பற்றிக் கவலைப்படவே இல்லையாம். "இரவல் வாங்காத வீடு எங்க இருக்கு? நாங்க வந்த வேனே அடுத்தவங்களுதுதான். ஆனா ஊரு கேக்கச் சிரிச்சிட்டாங்களே, அந்த வீட்டுல எப்படிப் பொண்ணெடுக்கிறது?" என்றாராம். அந்தச் சிரிப்பு என்னுடையது. சிரித்தவன் எழுந்து வந்து நின்றிருந்தால் அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

சம்பந்தம் முறிந்தது. போன் அடுத்த வாரமே கடைக்குத் திரும்பி வந்தது. சாந்திக்குப் பின்னால் வேறு இடத்தில் கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அதைச் சொல்லி என்னைத் தேற்றியவர்கள் உண்டு. அவள் நன்றாக இருப்பது அவளுடைய சாமர்த்தியம். அதில் எனக்குப் பங்கு இல்லை.

அன்றைய சாயங்காலத்தைச் சொல்லி முடிக்கிறேன். வேன் வராமல் நான் எங்கே போவேன்? பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்தார். என்னைத் திட்டவில்லை. குசினிக்குள் போய்ச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து, பேர் பார்த்துப் பிரித்துவைக்க ஆரம்பித்தார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்தார்கள். வாங்கிப் போக வரவில்லை, ஆறுதல் சொல்ல வந்தார்கள். அவர் விடவில்லை.

"இருக்கட்டும்லா அக்கா, நாள பொறவு எடுத்துக்கிறேன்" என்றார் வீராயி.

"இல்ல வீராயி. பேருல்லாம் படிச்சாச்சி. கொண்டு போ."

நானும் லயத்தில் பிறந்தவன்தான். எங்கள் அம்மாவின் அண்டா எத்தனையோ வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. சாமானில் எதற்காகப் பேர் வெட்டுகிறார்கள்? இரவல் கொடுக்கத்தான். கொடுக்கவே போவதில்லை என்றால் பேர் எதற்கு? இது தெரிந்தவன்தான் அங்கே நின்று அந்தப் பேர்களைப் படித்துச் சிரித்தேன். டவுனில் வேலை கிடைத்து, சட்டைப் பையில் டெஸ்ட்டர் செருகியதும் எனக்கு அது மறந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டிருந்தால் பரவாயில்லை. நான் கெடவில்லை. எனக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது.

குசினி காலியானது. அத்தை வாசலுக்கு வந்தார்.

"பசியாறிட்டுப் போங்க தம்பி."

"வேணாங்கத்தே."

"ஒரு வேன் ஆளுக்கு ஆக்கி வெச்சிருக்கேன். யாரு திங்கிறது? ஒக்காருங்க."

மறுக்க எனக்கு என்ன யோக்கியதை? உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். ஒரு தட்டில் சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம் என்று நிறைத்து வைத்தார். எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தி உள்ளறையில் இருந்தாள். அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. நன்றாகச் சமைத்திருந்தார். அதுவும் உறைத்தது.

சோறு குறையக் குறையத் தட்டின் நடுவில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. பேர் வெட்டியிருந்தது. பழைய தட்டு. தேய்த்துத் தேய்த்து எழுத்து மங்கியிருந்தது. நான் விரலால் சோற்றை அதன்மேல் தள்ளி மூடப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"பேரு தெரியுதா தம்பி?"

"தெரியுதுங்கத்தே."

"படிங்க."

நான் சோற்றையே பிசைந்துகொண்டிருந்தேன்.

"மத்ததெல்லாம் படிச்சீங்களே. இதயும் படிங்க."

"கன்னியம்மா" என்றேன்.

"கேக்கல."

"கன்னியம்மா."

உள்ளறையில் சாந்தி அசைந்த சத்தம் கேட்டது. அத்தை எழுந்து வந்து, என் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டார்.

"கையக் கழுவிக்கிங்க" என்றார். "வேன் வந்துருச்சி."